புலி ஆர்க்கிட் பூத்திருந்த நாளும் பூக்காத நாள்களும்

பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், 1861ஆம் ஆண்டு நடப்பட்ட புலி ஆர்க்கிட் செடியைப் பல ஆண்டுகளாகக் காலை நடையின்போது கடந்து சென்றிருக்கிறேன். நீண்டு சாய்ந்த தண்டுகளையும் இருபுறமும் அடுக்கிய இலைகளையும் கண்டு, யாரோ கரும்பு நட்டிருக்கிறார்கள் என்றே முதலில் எண்ணினேன். அதற்குக் கரும்பு ஆர்க்கிட் என்றும் பெயர் உண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஆர்க்கிட் இனங்களிலேயே உருவில் மிகப் பெரியது இதுதான். தண்டு மட்டுமே இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பதால், பூத்த நிலையில் அதை நான் பார்த்ததேயில்லை.

ஒரு நாள் மழை விட்ட காலையில் அம்மாவுடன் சென்றபோது, ஆள் உயரத்தையும் தாண்டிய பூந்தண்டுகள் நிமிர்ந்து நின்றன. உள்ளங்கை அளவு பூக்கள். மஞ்சளில் செம்பழுப்புப் புள்ளிகள். நான் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். வாழ்நாளெல்லாம் பூத்தொடுத்துப் பழகிய அம்மாதான், "அடியில் இருக்கிற பூவெல்லாம் வேறு மாதிரி இருக்கிறதே, கவனித்தாயா?" என்று கேட்டார். உண்மைதான். தண்டின் அடியிலுள்ள சில பூக்களில், ஆர்க்கிட்டுக்கே உரிய உதடு போன்ற இதழ் இல்லை. அவை மணம் சுரந்து பூச்சிகளை ஈர்ப்பதற்காக அமைந்தவை என்று பிறகு படித்தபோது, அம்மாவின் கண்ணை எண்ணி வியந்தேன்.

மறுமொழி:

வணக்கம் அக்கா. உங்கள் அம்மா கவனித்ததைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். எனக்கு வாய்த்தது பூவில்லாத சந்திப்பு.

எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில் ஒரு புலி ஆர்க்கிட் இருக்கிறது. அதன் அடியில் சருகுகள் குவிந்து கிடப்பதைக் கண்டு, இதை யாரும் சுத்தம் செய்வதில்லையே என்று நெடுநாள் வருந்தினேன். அது என் அறியாமை. இந்தச் செடியின் வேர்களில் பல, மேல்நோக்கி ஊசிகளைப் போல வளர்ந்து ஒரு கூடையாகின்றன. அதில் விழும் இலைகள் மக்கி, மண்ணைத் தொடாத செடிக்கு உணவாகின்றன. தாழ்நிலக் காட்டின் பெருமரங்களில், குறிப்பாக ஆற்றோரங்களில், அது வாழும் முறையே இதுதான். மிளகுக்காகவும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடிக்காகவும் சிங்கப்பூரின் காடுகள் அழிக்கப்பட்டபோது அத்தகைய மரங்களும் போயின. இந்த ஆர்க்கிட்டும் இங்குள்ள காடுகளிலிருந்து மறைந்தது.

உள்ளூர் ஆர்க்கிட்டுகளை மீட்கும் திட்டம் 1995இல் தொடங்கியது. தூசியைப் போன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும். ஆகவே ஆய்வுக்கூடத்தில், ஊட்டக்கூழ் நிரப்பிய குடுவைகளில் விதைத்து, நாற்றுகளைப் பொறுமையாக வளர்த்து, பிறகே மரங்களில் கட்டுகிறார்கள். சாலையோர மரங்களில் நாம் காண்பவை அப்படி வந்தவை.

பேருந்துக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன். சென்ற மாதம் இரண்டு புதிய தளிர்கள் வந்திருந்தன. பூந்தண்டு இன்னும் இல்லை.