கேம்பர் வேனில் நுவரெலியா: கடுகண்ணாவை முதல் கினிகத்தேனை வரை

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து, உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர் வேனில் நுவரெலியாவுக்குப் புறப்படுவோரிடம் நான் முதலில் சொல்வது, ஊரைவிடப் பாதைக்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்திலேயே பிரித்தானியர் காலம் கண்ணில் படத் தொடங்குகிறது. வீதியமைப்பில் முன்னின்ற கப்டன் டோசனின் நினைவுக் கோபுரமும், குடையப்பட்ட பாறை வாயிலும் அங்கேதான் இருக்கின்றன.

பேராதனையில் வலப்பக்கம் திரும்பிக் கம்பளைக்குள் நுழைந்தால் கதை மாறுகிறது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் முளைத்த வட்டாரம் அது. தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து, வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்த தமிழ்த் தொழிலாளரை நினைக்காமல் அந்த மலைகளை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. கோப்பி இலை நோயால் அழிந்ததும் தேயிலை வந்தது. உழைத்த கைகள் மட்டும் மாறவில்லை.

இறம்பொடை வளைவுகளைத் தாண்டி, லபுக்கலைப் பக்கம் வீதியோரம் சற்று அகலமான இடத்தில் வேனை நிறுத்தித் தேநீர் வைத்துக்கொண்டிருந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய வயதான அம்மா ஒருவர் திறந்திருந்த கதவருகே நின்று, மடிப்புக் கட்டிலையும் அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எங்க லயத்துக் காம்பராவும் இம்புட்டுத்தான் தம்பி. அதுல ஆறு பேரு இருக்கோம். உங்களுது ஓடுது, எங்களுது ஒரே இடத்துல நிக்குது, அம்புட்டுத்தான் வித்தியாசம்," என்று சிரித்தார். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களின் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் என்னை இப்படிப் பதிலின்றி நிறுத்தியதில்லை. தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தவர், சாயம் போதாது என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதை வேனின் சமையற்கட்டு முதலில் உணர்த்தும். காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும். கொழும்பில் வாங்கிய மிக்சர் பைகளோ தலையணைபோல் உப்பிக் கிடக்கும். ஊருக்குள் 1894இல் கட்டப்பட்ட செங்கல் தபாற்கந்தோர் இன்னும் தபாற்கந்தோராகவே இயங்குவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அதை விடுதியாக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததை மறக்கக் கூடாது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவு உணவுக்குக் கழுத்துப்பட்டி அணியும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சாரத்துடன் வேனில் உறங்கும் என்போன்றோர் வெளியே நின்று படம் எடுத்துக்கொள்வதே உத்தமம். 1848இல் இங்கு குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்துப் பண்ணை ஒன்றையே பெயர்த்து வைக்க முயன்றார். இன்று கொழும்புச் சந்தைகளுக்கு லீக்சும் கரட்டும் இந்த மலைகளிலிருந்துதான் வருகின்றன.

ஏப்ரல் வசந்தகாலத்தில் பெரிய வாகனத்துடன் இங்கே வராதீர்கள். கிரகரி வாவியைச் சுற்றி நெரிசல் அசையவிடாது. நிறுத்த இடம் தேடுவதிலேயே பகல் கழிந்துவிடும். இரவு தங்குவதற்கு வீதியோரத்தை நம்பாமல், முற்றத்தில் இடமும் தண்ணீரும் தரக்கூடிய விருந்தினர் விடுதி ஒன்றிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. சீதா எலிய அம்மன் கோயிலையும் ஹக்கல பூங்காவையும் காலையிலேயே முடித்துக்கொண்டால், பிற்பகல் மூடுபனிக்கு முன் திரும்பிவிடலாம்.

இறங்கும்போது நாங்கள் தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை வழியைத் தெரிவு செய்தோம். தண்ணீரும் சாமானும் ஏற்றிய வேன் பாரமானது என்பதால், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் இரண்டாம் கியரில் விட்டு, எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி ஓட்ட வேண்டும். கினிகத்தேனை இறக்கத்தில் பின்னால் ஹோர்ன் அடிக்கும் பஸ்காரர்களுக்கு இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள். அவர்களுடன் போட்டி போட வேனுக்குத் தேவையுமில்லை, தெம்புமில்லை.