மறு: ‘கேம்ப்ளே’ தமிழில் – ‘ஆட்டநடை’ என்னும் முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நிகழ்பட ஆட்டங்களை (வீடியோ கேம்) ஆடும் தன்மையைக் குறிக்கும் ‘கேம்ப்ளே’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘விளையாட்டு முறை’, ‘ஆட்டப்போக்கு’, ‘ஆடுகை’, ‘விளையாட்டியல்’ ஆகிய நான்கு சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. ஐந்தாவதாக ‘ஆட்டநடை’ என்பதை நான் முன்மொழிகிறேன். நான் மொழியியல் பயின்றவன் அல்லன். பழையனவும் புதியனவுமாக நிகழ்பட ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடி வருபவன். ஆகவே இந்தக் கருத்து எதைச் சுட்டுகிறது என்பதை ஆட்டங்களின் வழியாகவே காட்ட முயல்கிறேன். ஆட்டங்களைப் பற்றிய என் விருப்பு வெறுப்புகளும் இதில் வெளிப்படையாக இருக்கும். அவற்றோடு நீங்கள் முரண்படலாம். அப்படி முரண்படுவதற்கும் நமக்கு இந்தச் சொல் தேவைப்படும்.

> கேம்ப்ளே என்பது ஓர் ஆட்டத்தின் விதிகளின் தொகுப்புதானே? ‘விளையாட்டு முறை’ என்றாலே போதாதா?

போதாது என்பதற்கு டெட்ரிஸ் ஒன்றே சான்று. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய அந்த ஆட்டத்தின் விதிகளை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழும், ஒரு வரிசை முழுவதும் நிரம்பினால் அது மறையும். 1989இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் என்.இ.எஸ். என்னும் ஆட்டக்கருவிக்கு வந்த பதிப்புக்கும் இன்றைய பதிப்புகளுக்கும் இவ்விதிகள் பொதுவானவை. ஆனால் இன்றைய பதிப்புகளில் துண்டு எங்கே இறங்கும் என்பதை ஒரு நிழலுரு முன்கூட்டியே காட்டுகிறது. வேண்டாத துண்டை ஒதுக்கி வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். ஏழு வகைகளும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கட்டாயம் வந்துவிடும். அடியில் தொட்ட பிறகும் துண்டைத் திருப்பச் சற்று அவகாசம் கிடைக்கும். என்.இ.எஸ். பதிப்பில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. நீளத் துண்டு அடுத்து வருமா, இருபது துண்டுகள் கழித்து வருமா என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையே ஒவ்வோர் அடுக்கையும் அஞ்சி அஞ்சிக் கட்ட வைக்கிறது. புதிய பதிப்புகள் நேர்த்தியானவை, வேகமானவை. ஆயினும் என்னை முழுமையாகப் பிடித்துவைப்பது பழையதுதான். விதி ஒன்றாக இருக்க, ஆடும்போது கைக்கும் மனத்துக்கும் நேர்வது வேறாகிவிடுகிறது. அந்த வேறுபாட்டைச் சுட்டவே சொல் தேடுகிறோம். ‘விளையாட்டு முறை’ என்றால் ‘எப்படி விளையாடுவது’ என்னும் செயல்விளக்கமாகவே படிப்பவர் கொள்வார். அந்தப் பொருளில் அச்சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

இன்னும் ஒரு படி செல்லலாம். அந்த என்.இ.எஸ். பதிப்பின் 29ஆம் நிலையில் துண்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 60 கட்டங்கள் என்னும் வேகத்தில் இறங்கும். களத்தின் உயரமோ 20 கட்டங்கள்தான். அதற்கு மேல் மனிதக் கைகளால் இயலாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர், பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துவதை விட்டு, கன்ட்ரோலரின் பின்புறத்தைப் பல விரல்களால் அடுத்தடுத்துத் தட்டும் ‘ரோலிங்’ என்னும் உத்தியை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தனர். 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் 157ஆம் நிலையை அடைந்து, நிரலே செயலிழந்து உறையும் இடத்தைத் தொட்டார். 34 ஆண்டுகளில் அந்த நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை; ஆடப்படும் விதம் தலைகீழாக மாறிவிட்டது. ஆகவே நாம் தேடும் சொல், படைத்தவர் வைத்ததையும் ஆடுபவர் கொண்டுவருவதையும் ஒருங்கே தாங்க வேண்டும்.

மற்ற மூன்று சொற்களையும் இந்த அளவுகோலால் பார்ப்போம். ‘ஆட்டப்போக்கு’ நல்ல தமிழ். ஆனால் ‘ஆட்டத்தின் போக்கு மாறியது’ என்று விளையாட்டுச் செய்திகளில் நாள்தோறும் எழுதுகிறோம். அங்கே அது ஒரு குறிப்பிட்ட போட்டி எத்திசையில் செல்கிறது என்பதைக் குறிக்கிறது. ‘விளையாட்டியல்’ என்பதில் உள்ள ‘இயல்’ ஒரு துறையைச் சுட்டும். ஆட்டங்களை ஆராயும் படிப்புக்கு அச்சொல்லை விட்டுவைப்பதே முறை. ‘ஆடுகை’ இவற்றுள் சிறந்தது என்பதையும், அதை முன்வைத்த நண்பர் மிகுந்த கவனத்தோடு ஆக்கியிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். என் தயக்கம் ஒன்றே: ஆடுகை ஆடுபவரின் வினை. ‘அவருடைய ஆடுகை’ என்பது இயல்பாக வருகிறது. ‘இந்த ஆட்டத்தின் ஆடுகை’ என்னும்போது வினையும் அதன் உரிமையாளரும் பொருந்தவில்லை. அத்துடன் அது வெறும் நிகழ்வைச் சொல்கிறதே தவிர, அதன் தன்மையைச் சொல்லவில்லை.

தன்மையைச் சொல்ல நம்மிடம் ‘நடை’ இருக்கிறது. ஒருவர் நடக்கும் விதமும் நடை. எழுதும் விதமும் நடை. எழுத்தில் நடை என்பது ஆசிரியருக்கும் உரியது, நூலுக்கும் உரியது. ‘இவர் நடை’, ‘இந்நூலின் நடை’ ஆகிய இரண்டும் தயக்கமின்றி வருகின்றன. ஆடுகையில் நான் கண்ட இடர்ப்பாடு இங்கே எழவில்லை. இசையிலோ இச்சொல் நாம் விரும்பும் நுண்மைக்கே வந்துவிடுகிறது. ஆதி தாளத்தைச் சதுஸ்ர நடையிலும் பாடலாம், திஸ்ர நடையிலும் பாடலாம். எட்டு எண்ணிக்கை மாறாது, ஒவ்வோர் எண்ணிக்கைக்குள்ளும் நான்கு வருகிறதா மூன்று வருகிறதா என்பதே மாறும். கேட்பவருக்கு அனுபவம் முற்றிலும் வேறாகிவிடும். இரண்டு டெட்ரிஸ் பதிப்புகளுக்கும் இடையே உள்ள உறவை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி இச்சொல்லை ஆட்டங்கள்மேல் வைத்துப் பார்க்கிறேன். 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 ஆட்டமும் 2023இல் வந்த அதன் மறுஆக்கமும் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன: அதே நாயகன் லியான், கடத்தப்பட்ட அதே பெண், அதே கிராமம். பழையதில் துப்பாக்கியால் குறிவைத்தால் லியானால் ஓரடிகூட நகர முடியாது. சுடுவது என்றால் நிற்பது. நிற்பது என்றால் சூழப்படுவது. எப்போது நிற்கத் துணிவது என்னும் கேள்வியைச் சுற்றியே அந்த ஆட்டம் முழுவதும் அமைந்திருந்தது. மறுஆக்கத்தில் நகர்ந்துகொண்டே சுடலாம்; தாக்க வரும் ஆயுதத்தைக் கத்தியால் தடுத்துத் தள்ளவும் செய்யலாம். அது சிறந்த ஆட்டம். நான் இருமுறை மகிழ்ந்து ஆடினேன். ஆயினும், ‘கதை அதுவே, ஆட்டநடை வேறு, பழைய நடையில் இருந்த அச்சம் புதியதில் இல்லை’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிவது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது. ‘விளையாட்டு முறை வேறு’ என்று எழுதியிருந்தால், பொத்தான்களின் அமைப்பு மாறிவிட்டது என்றுதான் பலர் புரிந்துகொண்டிருப்பர்.

நடை எப்போதும் திட்டமிட்டே உருவாவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கோளினர் அணிவகுத்து இறங்குவர். அவர்களுள் சிலர் அழிந்ததும், செயலி (பிராசஸர்) கையாள வேண்டிய உருக்கள் குறைவதால், எஞ்சியவர்கள் தாமாகவே விரைந்தனர். வன்பொருளின் வரம்பால் நேர்ந்த அந்த விரைவை நிஷிகாடோ நீக்காமல் விட்டார். இறுதியில் எஞ்சும் ஒற்றை உரு பாய்ந்து வரும் பதற்றமே அந்த ஆட்டத்தின் உயிரானது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் அடிகளைத் தொடுத்துச் செல்லும் ‘காம்போ’ என்பதும் திட்டமிடாமல் விளைந்ததே. அதன்மீதுதான் சண்டை ஆட்டங்களின் வகை முழுவதும் இன்று நிற்கிறது. விதிகளின் பட்டியலில் இவை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, நடையில் இருந்தன.

பழைய ஆட்டங்களில் நான் மிகவும் மதிப்பது ஜோர்டான் மெக்னர் 1989இல் வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அசைவுகளைப் படத்துக்குப் படம் வரைந்து எடுத்தார். அதனால் அந்த இளவரசன் பொத்தானை அழுத்திய கணத்தில் தாவுவதில்லை. எடுத்த அடியை முடித்த பிறகே தாவுகிறான். இன்றைய இளைஞர் சிலர் அதைக் ‘கட்டுப்பாடு மோசம்’ என்று ஒதுக்குவதைக் காண்கிறேன். அதை நான் ஏற்கவில்லை. உடலுக்கு எடை இருக்கிறது, ஓட்டத்துக்கு உந்தம் இருக்கிறது என்று அந்த ஆட்டம் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் உணர்த்துகிறது. 60 நிமிடக் கெடுவும் சேரும்போது அந்த எடை நெஞ்சில் ஏறுகிறது. அது கனத்த நடை. பழுதான நடை அன்று. 2011இல் டார்க் சோல்ஸ் இதே கனத்தை வாள்வீச்சுக்குக் கொண்டுவந்தபோது உலகம் கொண்டாடியது. எதிர்முனையில் 2018இல் வந்த செலெஸ்ட் இருக்கிறது: விளிம்பைத் தாண்டிய பிறகும் நொடியின் சிறு பகுதிக்குத் தாவ இடம்கொடுக்கிறது, தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே அழுத்திவிட்டாலும் பிழை பொறுக்கிறது. மிகக் கடினமான அந்த ஆட்டம் ஒருபோதும் அநீதியாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். கனத்த நடை, இலகுவான நடை என்று அடைகொடுத்துப் பேச முடிகிறதா என்பது ஒரு கலைச்சொல்லுக்கு நல்ல சோதனை. ‘கனத்த ஆடுகை’ என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு வாயில் நிற்கவில்லை.

புதிய பெருஞ்செலவு ஆட்டங்களைப் பற்றி எனக்குள்ள பெரிய மனக்குறையும் இச்சொல்லால்தான் தெளிவாகிறது. 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் வேட்டையாடிய விலங்கின் தோலை உரிப்பதும், இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறப்பதும் மெதுவாகவே நிகழும். அந்த மந்த நடையை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். அந்த உலகில் வாழும் உணர்வை அதுவே தருகிறது. ஆனால் அதே ஆட்டத்தின் கதைப்பணிகளுக்குள் நுழைந்தால், காட்டிய வழியிலிருந்து சற்று விலகினாலும் தோல்வி என்று அறிவித்துவிடுகிறது. வெளியே நம் கையில் உலகையே தந்துவிட்டு, உள்ளே நம் விரலைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. ஒரே ஆட்டத்தில் பொருந்தாத இரண்டு நடைகள். அதற்கு ஓராண்டு முன்னர் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட் இதற்கு நேர்மாறானது: மழை பெய்தால் பாறை வழுக்கும், இடி உலோகத்தைத் தேடி வரும், இந்தச் சில விதிகளைக் கொண்டு, உலோக வாளை எதிரியின் அருகே வீசி, இடியை அவன்மேல் இறக்குவதை ஆட்டக்காரரே கண்டுபிடிக்கிறார். இதைத் ‘தன்னெழுச்சி நடை’ எனலாம் என்று கருதுகிறேன்.

கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றில் காத்திருப்பு நேரமும் நாணயங்களும் பெருகப் பெருக ஆட்டநடை மெலிந்துகொண்டே போகிறது; அதைத் தனி இழையில் பேசலாம்.

> ‘நடை’ என்றால் நடப்பது என்றுதானே முதலில் தோன்றும்? ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்னும் வகையோடு குழம்பாதா?

நியாயமான ஐயம். 2013இல் வந்த கான் ஹோம் போன்ற ஆட்டங்களுக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. முதலில் அது ஏளனமாகச் சூட்டப்பட்டது. அதை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டியதில்லை. ‘உலாவல் ஆட்டம்’ எனலாம். அங்கே உண்மையில் நிகழ்வதும் அறை அறையாக உலவிக் கண்டறிவதுதான். ‘உலாவல் ஆட்டங்களின் ஆட்டநடை’ என்று எழுதும்போது குழப்பம் எழவில்லை. மேலும், ‘உரைநடை’ என்று படிக்கும் எவருக்கும் கால்கள் நினைவுக்கு வருவதில்லை. சொல் பழகினால் இதுவும் அவ்வாறே ஆகும். ‘ஆட்டம்’ நடனத்தையும் குறிக்குமே என்று மற்றொரு நண்பர் கேட்டிருந்தார். சதுரங்க ஆட்டம், சீட்டாட்டம் என்று நெடுங்காலமாக வழங்கும் சொல் அது. ‘விளையாட்டு’ என்பதைவிடக் குறுகியது, தொகைச்சொற்களில் எளிதாக இணைவது. இதிலும் எனக்குத் தயக்கமில்லை.

ஏற்பு கிடைக்குமாயின், நம் கலைச்சொல் தொகுப்பில் பின்வரும் விளக்கத்தைச் சேர்க்கலாம்: ‘ஆட்டநடை: ஓர் ஆட்டத்தின் விதிகள், கட்டுப்பாடுகள், கால அளவுகள் ஆகியவற்றோடு ஆட்டக்காரரின் செயல்கள் கூடும்போது தோன்றும் ஆடும் தன்மை; கதை, ஓவியம், இசை ஆகியவற்றினின்று வேறுபட்டது.’ இதை ஒட்டி, திரும்பத் திரும்ப நிகழும் அடிப்படைச் செயல்வட்டத்தை ‘நடைச்சுற்று’ என்றும், ஆட்டத்தை ஆடிக் காட்டும் பதிவை ‘ஆட்டநடைக் காணொளி’ என்றும் சொல்லலாம்.

‘மெக்கானிக்’ என்பதற்கு மட்டும் எனக்கு உறுதியான விடை இல்லை. தாவுதல், ஒதுக்கிவைத்தல், கத்தியால் தடுத்தல் போன்ற தனித்தனி அலகுகளை அது குறிக்கிறது. ‘இயங்குவிதி’ என்று எண்ணிப் பார்த்தேன். இயற்பியலில் ‘இயக்க விதி’ என்பதோடு மிக நெருங்கி ஒலிக்கிறது. ‘ஆட்டக்கூறு’ என்பது பாதுகாப்பானது. ஆனால் இயங்கும் தன்மை அதில் விடுபடுகிறது. நிரலாக்கத் துறையில் இருக்கும் நண்பர்கள் இந்த இரண்டில் எது தங்கள் ஆவணங்களில் பொருந்துகிறது என்று சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்துத் தெரிவித்தால், அடுத்த மடலில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆட்டக்காரன்