தம்பியின் எம்எம்ஏ பயிற்சி: மெதுவாக ஸ்பாரிங் பழக்கும் ஜிம் தெரியுமா?

வணக்கம். தம்பிக்கு 19 வயது. பள்ளியில் ஜூடோ ஆடியவன், இப்போது சென்னையில் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) பழகுகிறான். அதுதான் அவனுக்கு உயிர். நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவன் ஜிம்மில் ஸ்பாரிங், அதாவது இருவர் மோதிப் பழகும் பயிற்சிச் சண்டை, எப்போதும் முழு வேகத்தில்தான். போன வாரம் தலையில் அடி வாங்கி வந்தவன், சாப்பிடும்போது கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான். கண் கூசுகிறது என்று விளக்கை அணைக்கச் சொன்னான். டாக்டர் மூளை அதிர்ச்சி என்று சொல்லி ஓய்வு கொடுத்திருக்கிறார்.

பயிற்சியாளரோ ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டால் போதும் என்கிறார். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், சரி. மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காதே! முதல் அடி ஆறும் முன் இன்னொன்று விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

தாய்லாந்தில் முவே தாய் (தாய்லாந்து குத்துச்சண்டை) வீரர்கள் அடிக்கடி போட்டியில் இறங்குவதால், ஸ்பாரிங்கில் பெரும்பாலும் மெதுவாகத்தான் மோதுவார்கள். பலத்தையெல்லாம் பயிற்சியாளர் பிடிக்கும் பேடிலும் குத்துப் பையிலும் இறக்குவார்கள். யுஎஃப்சி என்ற எம்எம்ஏ போட்டி அமைப்பின் முன்னாள் சாம்பியன் மேக்ஸ் ஹாலோவே ஸ்பாரிங்கே இல்லாமல் தயாராகி 2021-ல் கால்வின் கேட்டரை வென்றார். இப்படிப் பழக்கும் ஜிம் சென்னையில் இருக்கிறதா? தாம்பரம் பக்கம் என்றால் நல்லது.

அப்புறம், எடை. அடுத்த போட்டிக்கு ஒரு பிரிவு கீழே இறங்கச் சொல்கிறார்களாம். 2015-ல் சீன வீரர் யாங் ஜியான்பிங் மணிலாவில் இப்படி எடை குறைக்கும்போதுதான் இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு, உடம்பு நீரை வற்றவைத்து எடை குறைப்பதையே தடை செய்தது. தம்பியிடம் இதை எடுத்துச் சொல்ல, போட்டியில் இறங்கிய அனுபவமுள்ள அண்ணன், அக்கா யாராவது பேசுவீர்களா? நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்கிறான். விளையாட்டு மருத்துவர் யாரையாவது தெரிந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள். ஓய்வு முடிந்து அவன் மறுபடி பயிற்சியில் இறங்குவதற்குள் காட்டிவிட வேண்டும்.