பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11: ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் கிராஷ், உதவி தேவை

மின்மினி:

வணக்கம். என்னிடம் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப். ரேம் 8 ஜிபி. முதலில் ஒரு 4 ஜிபி ஸ்டிக் இருந்தது, அப்புறம் வேறு கம்பெனி 4 ஜிபி ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாயிற்று. விண்டோஸ் 10 இதில் நன்றாகவே ஓடுகிறது. 2025 அக்டோபர் 14-உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டதால் 11-க்குப் போகலாம் என்று இறங்கினேன்.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (பூட் நேரப் பாதுகாப்பு) சோதனைகளைத் தாண்டும்படி ரூஃபஸ் என்ற புரோகிராமில் பென்டிரைவ் தயார் செய்தேன். பழையதைத் தொடாமல், எஸ்எஸ்டியில் தனியாக ஒதுக்கிய பார்ட்டிஷனில் புதிதாக ஏற்றிப் பார்த்தேன். பூட் ஆகிறது, எங்கே ஏற்ற வேண்டும் என்று கேட்கிறது, ஃபைல்களை எடுத்து வைக்கத் தொடங்குகிறது. அதன் பிறகுதான் கூத்து. முதல் தடவை ஆரம்பத்திலேயே நீலத்திரை, ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றது. அடுத்த தடவை பாதிக்கு மேல் போய், தேவையான ஃபைல்களை நிறுவ முடியவில்லை என்று 8007025டி எண்ணைக் காட்டி நின்றது. பிறகு ஒரு தடவை எந்தச் செய்தியும் இல்லை, மவுஸ்கூட அசையாமல் உறைந்துவிட்டது.

பென்டிரைவை மாற்றினேன், ஐஎஸ்ஓவையும் (விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்) புதிதாக இறக்கினேன். பலன் இல்லை. டிபிஎம் இல்லாததால்தான் இப்படியா?

வெண்பலகை:

டிபிஎம் இல்லை, ப்ராசசரும் மைக்ரோசாஃப்டின் தகுதிப் பட்டியலில் இல்லை. எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11 சரிவராது. நேரத்தை வீணாக்காமல் புதுசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

திருகாணி:

வெண்பலகை சொல்லும் பட்டியல் உண்மைதான். ஆனால் இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தகுதி போதவில்லை என்றால் செட்அப் வாசலிலேயே ‘இந்தக் கணினியில் முடியாது’ என்று சொல்லிவிடும். உள்ளே விட்டு, பாதி வேலை நடந்த பிறகு நீலத்திரையில் விழுவது தகுதிச் சோதனையின் வேலை இல்லை. டிபிஎம் இல்லாததால் மெமரி மேனேஜ்மென்ட் பிழை வராது.

மின்மினி, உங்கள் பதிவில் முக்கியமான விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது: வேறு வேறு இடம், வேறு வேறு பிழை. எப்போதும் ஒரே இடத்தில் விழுந்தால் டிரைவர் (கருவிகளை இயக்கும் மென்பொருள்), பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்), ப்ராசசருக்குத் தெரியாத கட்டளை என்று தேடுவேன். இடம் மாறிக்கொண்டே இருந்தால் என் சந்தேகம் முதலில் ரேம் மேல், அடுத்து சூடு, அப்புறம் டிஸ்க்கும் கேபிளும், கடைசியாக பவர் சப்ளை. நீங்கள் பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் ஏற்கெனவே மாற்றிவிட்டதால் அந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

‘விண்டோஸ் 10 நன்றாக ஓடுகிறதே, ரேம் எப்படிக் கெட்டிருக்கும்’ என்று தோன்றும். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் செட்அப், தன்னையே முழுதாக ரேமில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்துதான் ஓடும். பிறகு பல ஜிபி அளவுக்கு அமுக்கி வைத்த ஃபைல்களை ரேமில் விரித்து, ஒவ்வொன்றும் சரியாக வந்ததா என்று கணக்குப் பார்த்து டிஸ்க்கில் எழுதும். நடுவில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1) மாறினாலும் கணக்கு உதைக்கும், உடனே 8007025டி. தினசரி பிரவுசரில் அதே பிட் மாறினால் ஒரு படத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறும், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம். பென்டிரைவில் போட்டு பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரு சுற்று சுத்தமாக முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சில பிழைகள் சூடேறிய பிறகுதான் எட்டிப் பார்க்கும். அதற்கு முன் பயாஸில் போய், ரேம் வேகத்தை யாராவது கையால் ஏற்றி வைத்திருந்தால் ஆட்டோவுக்கு மாற்றிவிடுங்கள்.

தூசுதட்டி:

மெம்டெஸ்ட் ஓடும்போதே கேபினட்டைத் திறந்து ப்ராசசர் ஃபேனையும் பாருங்கள். பல வருஷம் ஓடிய மெஷினில் ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிரும். செட்அப் நேரத்தில் ப்ராசசர் முழு மூச்சில் வேலை செய்வதால் சூட்டுப் பிரச்சினை அப்போதுதான் வெளியே தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சூடு எல்லை மீறினால் பெரும்பாலும் நீலத்திரைகூட வராது, மெஷின் சட்டென்று அணைந்துவிடும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை என்பதால் நானும் ரேம் பக்கம்தான்.

கழற்றுவதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். ரேமின் தங்கநிறப் பற்களை அழிப்பான் வைத்துத் தேய்க்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது, துகள் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

மின்மினி:

ராத்திரி முழுக்கத் தேவைப்படவில்லை. முதல் சுற்று முடிவதற்குள்ளேயே சிவப்பு வரிகள் வந்துவிட்டன. இருக்க வேண்டிய மதிப்பு, இருந்த மதிப்பு என்று இரண்டு நீள எண்கள் காட்டுகிறது. எல்லா வரியிலும் ஒரே ஒரு இடத்தில்தான் எழுத்து மாறியிருக்கிறது. முகவரி எல்லாமே 5 ஜிபிக்கு மேல். அப்படியென்றால் இரண்டாவதாகப் போட்ட ஸ்டிக்தான் போச்சு, சரிதானே?

திருகாணி:

எப்போதும் ஒரே பிட் என்றால் அது நிஜமான வன்பொருள் கோளாறு, சந்தேகமே வேண்டாம். ஆனால் முகவரியை வைத்து ஸ்டிக்கைத் தீர்மானிக்காதீர்கள். இரண்டு ஸ்டிக்கும் டூயல் சேனலில் ஓடும்போது முகவரிகள் இரண்டிலும் மாறி மாறிப் பிரித்து வைக்கப்படும். 5 ஜிபிக்கு மேல் இருப்பதெல்லாம் இரண்டாவதில்தான் என்று சொல்ல முடியாது.

ஒரு ஸ்டிக்கை மட்டும் ஒரு ஸ்லாட்டில் மாட்டி ஓட்டுங்கள். அப்புறம் அதே ஸ்லாட்டில் மற்றதை மாட்டி ஓட்டுங்கள். ஒன்று சுத்தம், ஒன்று பிழை என்றால் வேலை முடிந்தது. இரண்டுமே சுத்தமாக வந்தால் அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், ஸ்லாட்டே கெட்டிருக்கலாம். தனித்தனியாக எல்லாமே சுத்தம், சேர்த்தால் மட்டும் பிழை என்றால் ஸ்டிக்குகளின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், அதே தலைமுறையில் ‘எல்’ என்று முடியும் வகைக்கு 1.35 வோல்ட். எல் வகையில் பெரும்பாலானவை 1.5-லும் ஓடும், ஆனால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு டைமிங் என்று கலந்து போட்டால் சில போர்டுகள் முரண்டு பிடிக்கும்.

கெட்ட ஸ்டிக்கோடு விண்டோஸ் 10-ஐத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். முக்கியமான ஃபைலைச் சேமிக்கும்போது அதே பிட் மாறினால் ஃபைலே கெட்டுப்போகும், அது உங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவரும்.

கருவேலன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கோர் 2 டுவோ, 4 ஜிபி ரேம். மெம்டெஸ்ட் சுத்தம், எஸ்எஸ்டி புதுசு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பென்டிரைவ் போட்டால் லோகோ வரும், உடனே ரீஸ்டார்ட், மறுபடி லோகோ. பிழை எண் எதுவும் இல்லை. ரூஃபஸில் எல்லாச் சோதனையையும் நீக்கித்தான் போட்டேன்.

திருகாணி:

கருவேலன், மின்மினி கதைக்கு நேர் எதிர் உங்களுடையது. எப்போதும் ஒரே இடம். 24எச்2-இலிருந்து விண்டோஸின் கெர்னல் (மையப் பகுதி), ப்ராசசரில் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. இன்டெலில் இவை 2008 கடைசியில் வந்த முதல் கோர் ஐ7-இல்தான் சேர்ந்தன. கோர் 2 டுவோவுக்கு அந்தக் கட்டளை புரியாது. ரூஃபஸ் நீக்குவது செட்அப் கேட்கும் கேள்விகளை மட்டும்தான், சிலிக்கானில் இல்லாததை அதனால் கொண்டுவர முடியாது. பழைய 23எச்2-ஐத் தேடிப் போவதிலும் அர்த்தமில்லை, ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு அதன் ஆதரவு 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது.

தூசுதட்டி:

கருவேலனுக்கு என் ஓட்டு லினக்ஸ். கோர் 2 டுவோ 64 பிட் ப்ராசசர் என்பதால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். 32 பிட் மட்டும் என்றிருந்தால்தான் சிக்கல். டெபியனே 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் இன்ஸ்டாலரைக் கைவிட்டுவிட்டது. லைவ் பூட்டில் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும்போது) திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம், பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் சகஜம். பூட் மெனுவில் ‘இ’ எழுத்துக்கான கீயைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் க்வையட் ஸ்பிளாஷ் என்று இருப்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நோமோட்செட் என்று போட்டு பூட் செய்யுங்கள். அல்லது மெனுவிலேயே கம்பாட்டிபிலிட்டி மோடு இருக்கும், அதுவும் அதையேதான் செய்கிறது.

மின்மினி:

ஸ்டிக்குகளைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். கெட்டது பின்னால் வாங்கியது இல்லை, மெஷினோடு வந்த பழைய ஸ்டிக். அதை எடுத்துவிட்டு நல்ல 4 ஜிபியை மட்டும் வைத்திருக்கிறேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியும் பிழை இல்லை. தனிப் பார்ட்டிஷனில் விண்டோஸ் 11 ஒரே மூச்சில் ஏறிவிட்டது.

ஆனால் எனக்கு வேண்டியது பழைய புரோகிராம்களோடு மேம்படுத்துவது. அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிட்டு, விண்டோஸ் 10-க்குள்ளிருந்தே பென்டிரைவ் செட்அப்பை ஓட்டினேன். ரீஸ்டார்ட் எல்லாம் ஆகி, 40 சதவீதத்தைத் தாண்டியதும் நின்று, பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறது. மறுபடி செய்தாலும் அதே இடம். பிழை சி1900101, கூடவே 30018. ரேம் இன்னும் சரியில்லையா?

திருகாணி:

இல்லை, இது இரண்டாவது நோய். ‘அதே இடம்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதுதான் துப்பு.

சி1900101 என்றால் மேம்படுத்தல் முறிந்து பின்வாங்கிவிட்டது என்று பொருள், பெரும்பாலும் டிரைவர் கோளாறு. விஷயம் கூட வரும் எண்ணில் இருக்கிறது. அதன் முதல் இலக்கம் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்லும். 1 என்றால் பழைய விண்டோஸுக்குள் இருக்கும்போதே. 2 என்றால் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வரும் குட்டி விண்டோஸில். 3 என்றால் புதிய விண்டோஸ் முதன்முதலில் பூட் ஆகி, பழைய டிரைவர்களை ஏற்றுக்கொள்ளும் கட்டத்தில். 4 அதற்கும் அடுத்த பூட்டில். உங்களுடையது 3. 30018-க்கு வழக்கமான காரணம், ஏதோ ஒரு டிரைவர் செட்அப்புக்குப் பதில் சொல்லாமல் தொங்குவது.

புதிதாக ஏற்றியபோது இது ஏன் வரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அங்கே பழைய டிரைவர் எதுவும் கூட வரவில்லை.

கீபோர்டு, மவுஸ், மானிட்டர் தவிர எல்லாவற்றையும் பிடுங்குங்கள். வேறு கம்பெனி ஆன்டிவைரஸ், போலி சிடி டிரைவ் காட்டும் புரோகிராம், டிஸ்க் பூட்டும் புரோகிராம் இருந்தால் நீக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் போய், மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் மறந்தே போன பிரிண்டர், டாங்கிள் எல்லாம் மங்கலான எழுத்தில் வரிசையாக நிற்கும். அவற்றை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கும் டிக் பெட்டியைத் தவறவிடாதீர்கள்.

எந்த டிரைவர் என்று குறிப்பாகத் தெரிய வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்டின் செட்அப்டயக் கருவியை ஓட்டுங்கள். செட்அப் எழுதி வைக்கும் லாக்குகளைப் படித்து, எங்கே முறிந்தது என்று அதுவே சொல்லும். கையால் தேட விரும்பினால், சி டிரைவில் மறைந்திருக்கும் செட்அப் ஃபோல்டருக்குள் பாந்தர் என்ற ஃபோல்டர் இருக்கும். செட்அப்ஆக்ட் லாக்கைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். மேலிருந்து படித்தால் தலைவலிதான் மிஞ்சும், சரியாக முடிந்த இன்ஸ்டாலிலும் அதில் நூறு ‘எரர்’ இருக்கும்.

மின்மினி:

பிடிபட்டது. செட்அப்டயக் காட்டியது ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளின் டிரைவர். அந்த டாங்கிளே இப்போது என்னிடம் இல்லை, விண்டோஸ் 7 காலத்து டிரைவர் மட்டும் மங்கலாக உட்கார்ந்திருந்தது. டிரைவரோடு நீக்கிவிட்டு ஓட்டினேன், 30018 வரவில்லை, புரோகிராம்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. 4 ஜிபியில் கொஞ்சம் தள்ளாடுகிறது, அதே வகையில் இன்னொரு ஸ்டிக் போடப் போகிறேன். இனி அப்டேட் தானாக வருமா?

திருகாணி:

மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுகள் இதுவரை இப்படிப்பட்ட மெஷின்களுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் தகுதிப் பட்டியலில் இல்லாத கணினிக்கு அப்டேட் தருவோம் என்ற உத்தரவாதம் எதையும் மைக்ரோசாஃப்ட் தரவில்லை. வருடாந்தரப் பெரிய பதிப்பு தானாக வராது, ஐஎஸ்ஓவை இறக்கி இதே முறையில் நீங்கள்தான் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். புது ஸ்டிக் வந்ததும் விண்டோஸைத் திறக்கும் முன் மெம்டெஸ்ட் ஒரு தடவை. கெட்ட ஸ்டிக்கை மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள், நாளைக்கு வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.