அப்டேட்: ஷெட்ல கிடந்த போர்க்கால ஜீப், வில்லிஸா ஃபோர்டான்னு தெரிஞ்சுபோச்சு

முன்னாடி போட்டேன்ல, தோட்டத்து ஷெட்ல கிடந்த ரெண்டாம் உலகப்போர் ஜீப், வில்லிஸ் எம்பியா ஃபோர்டு ஜிபிடபிள்யூவான்னு (ஒரே டிசைன் ஜீப்ப ரெண்டு கம்பெனியும் தனித்தனியா செஞ்ச மாடல்கள்), பாதி பேர் முன்பக்க கிரில்ல பாத்தே வில்லிஸ்னு அடிச்சு சொன்னீங்க. அந்த 9 ஸ்லாட் கிரில் ரெண்டுலயும் வரும்ங்க, அத வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. ரேடியேட்டருக்கு கீழ ஃப்ரேம்ல ஒரு குறுக்குச் சட்டம் இருக்குல்ல, வில்லிஸ்ல அது உருண்டை பைப், ஃபோர்டுல கவுத்துப்போட்ட யூ, கிரீஸ சுரண்டிப் பாத்தா இது யூ! அப்புறம் இடது பக்க ஃப்ரேம் மேல ஜிபிடபிள்யூன்னு ஆரம்பிக்கற நம்பர், சில போல்ட் தலைல எஃப் முத்திரை வேற, ஃபோர்டேதான். என்ஜின்தான் சோகம், 2.2 லிட்டர் பெட்ரோல தூக்கிட்டு எவனோ டீசல் மாட்டி வச்சிருக்கான் (நம்ம ஊர்ல வழக்கம்தானே). ஒரிஜினல் என்ஜின் ப்ளாக் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, பெயிண்ட் எல்லாம் அதுக்கப்புறம்தான்.