சிறுகதையில் நாலு வகை முரணும் இருக்கு, ஆனா கதை நகரல. எதை வெட்டுவது?

பனிக்காடு:
நீலகிரியில் இத்தலார் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயியை வைத்து 2,500 சொல்லில் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். தை மாத உறைபனியில் தோட்டம் கருகுகிறது. பச்சை இலை விலை இறங்குகிறது. அண்ணன் நிலத்தை ரிசார்ட்டுக்கு விற்கச் சொல்கிறார். தம்பிக்கே விவசாயத்தில் நம்பிக்கை விட்டுப்போச்சு. இயற்கையோடு, சமூகத்தோடு, இன்னொரு மனிதனோடு, தன் மனசோடு என்று எல்லா மோதலும் உண்டு. படித்தவர்கள் "சம்பவம் இருக்கு, கதை இல்லை" என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

கவாத்துக்கத்தி:
எதையும் எடுக்க வேண்டாம், முதலில் தம்பிக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்க. "பங்குனிக்குள் கடனை அடைத்து நிலத்தை மீட்கணும்" மாதிரி, நடந்ததா இல்லையா என்று பார்த்தால் தெரிகிற ஆசையாக இருக்கணும். "நிம்மதியா வாழணும்" உதவாது. பிறகு ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் அந்த ஆசை நெருங்கியதா, விலகியதா என்று குறியுங்க. இரண்டும் இல்லாத காட்சியைத் தயங்காமல் நீக்கலாம்.

பனியை வெறும் சோகப் பின்னணியாக விடாதீங்க. மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை சூட்டை இழக்கும், குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஒரே சரிவில் கீழ்த்தோட்டம் கருகி, மேல்தோட்டம் பச்சையாக நிற்கலாம். பாகப்பிரிவினையில் தம்பிக்குக் கீழ்ப்பங்கு, அண்ணனுக்கு மேல்பங்கு என்று வைத்தால் இரண்டு மோதலும் ஒன்றாகிவிடும். விடியும்போது செடி வெள்ளையாகத்தான் இருக்கும், வெயில் ஏறிய பிறகே கொழுந்து செம்பழுப்பாகும். அதற்குள் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைக்கணும். மோட்டார் அண்ணன் பங்கில் இருக்கட்டும், சாவி அவர் வீட்டில்.

ஏழுமணி பஸ்:
விலைப் பகுதிதான் உங்க கதையில் பலவீனமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏல விலை, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலை என்று விளக்கினால் கட்டுரையாகிவிடும். அமைப்போடு மோதுவதை எழுதும்போது அதற்கு ஒரு முகம் வேண்டும். இங்கே அது, தோட்டத்தில் இலையை வாங்கி பேக்டரிக்குக் கொடுக்கும் இலை ஏஜென்ட். அவரை வில்லனாக்கவும் கூடாது, அவருக்கும் பேக்டரியில் பதில் சொல்லணும். மூட்டையை இறுக்கி அமுக்கியதால் இலை சூடாகிச் சிவந்திருக்கு என்கிறார். ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார். தம்பி தராசு முள்ளையே பார்க்கிறான். எட்டு வரி போதும்.

பனிக்காடு:
நன்றிங்க. சாவி விஷயம் கதையைத் திறந்துவிட்டது. ஆனால் நாலையும் வைத்தால் கூட்டமாகாதா?

குறிஞ்சித்திணை:
ஆகாது, எல்லாத் தடையும் ஒரே ஆசையை மறித்தால். சங்க இலக்கியத்தில் மலைநிலக் காதலைப் பாடும் குறிஞ்சிப் பாட்டுகளைப் பாருங்க. இரவுக்குறிக்கு, அதாவது இரவில் ரகசியமாகச் சந்திக்க, தலைவன் வரும் வழியில் யானையும் காட்டாறும், ஊருக்குள் அலர் என்னும் வம்புப்பேச்சு, வீட்டில் தலைவியை வெளியே விடாத இற்செறிப்பு, போதாததற்கு வேற்று வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். இத்தனையும் இருவர் சேர்வதைத்தான் மறிக்கின்றன. அதனால் நெரிசல் தெரிவதில்லை. தொல்காப்பியம் முன்பனியையும் குறிஞ்சிக்கு உரியதாகச் சொல்கிறது, உங்க தை மாதம் அந்த மரபிலேயே நிற்கிறது.

எதிராளியே காட்சியில் இல்லாமலும் மோதல் வரும். குறுந்தொகை 25இல் கபிலர் ஐந்தே அடியில் செய்கிறார். தலைவன் தலைவியிடம் சொன்ன சொல்லை மறுத்தால் சாட்சிக்கு யாருமில்லை, மீன் பார்த்து நின்ற குருகு என்னும் நீர்ப்பறவையைத் தவிர. அவள் பயம் முழுக்க அந்தக் குருகின் மெலிந்த காலில் நிற்கிறது.

பனிக்காடு:
மனசுக்குள் நடப்பதுதான் கடைசிச் சிக்கல். முக்கால் பக்கம் தனிமொழியாக இருக்கு.

கவாத்துக்கத்தி:
தனிமொழி நீள்வது ஏன் என்றால் தம்பிக்கு முன்னால் தேர்வு இல்லை, வருத்தம் மட்டும்தான் இருக்கு. இரண்டு வழி கொடுங்க, இரண்டிலும் ஏதாவது இழக்கணும். மோட்டார் சாவியைக் கேட்டால் விற்கச் சம்மதித்ததாக அண்ணன் எடுத்துக்கொள்வார், கேட்காவிட்டால் கொழுந்து போகும். இந்த முடிச்சு முதல் 400 சொல்லுக்குள் விழணும், உங்க கதையில் அது பாதி தாண்டித்தான் வருகிறது. அப்புறம் மனசைச் சொல்லாமல் கையைக் காட்டுங்க. நிலத்தை விற்க அட்வான்ஸ் வாங்கிய மறுநாளும் அவன் கருகிய நுனிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தால், முக்கால் பக்கத்தையும் எடுத்துவிடலாம்.