ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு: தமிழ்ப் பெயர் வேண்டும்

பெருந்துறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பெருந்துறை, சென்னிமலை வட்டாரத்து அங்கன்வாடிப் பணியாளர்களுக்காக, சிறு குழந்தைகளுக்குத் தொற்றால் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். இரத்தமும் சளியும் கலந்து போனால், காரணம் ஷிகெல்லா என்னும் பாக்டீரியாவானாலும் அமீபாவானாலும், சீதபேதி என்று ஊரில் பெயர் இருக்கிறது. காலராவுக்கு வாந்திபேதி இருக்கிறது. கைக்குழந்தைகளையும் தவழும் குழந்தைகளையும் கடுமையாகத் தாக்கும் ரோட்டா வைரஸ் நோய்க்குத்தான் பெயர் இல்லை. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடன் பணிபுரிந்தோரும் குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் இந்த வைரஸைக் கண்டார்கள். மின்னணு நுண்ணோக்கியில் சக்கரம் போன்ற வடிவில் தெரிந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பிறகு பெயராயிற்று. ஆகவே, வைரஸை நச்சுயிரி என்றும் வயிற்றுப்போக்கைக் கழிச்சல் என்றும் கொண்டு, 'சக்கர நச்சுயிரிக் கழிச்சல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் சக்கரம் வடசொல். நம்மிடம் ஆழி, திகிரி, உருளி ஆகிய சொற்கள் இருக்கும்போது அது எதற்கு? ஆழி கடலையும் குறிக்கும் என்பதால் மயக்கம் தரும். திருப்பாவையின் ஒரே பாசுரத்தில் அச்சொல் இரு பொருளிலும் வருவதைக் காணலாம். உருளி பாத்திரத்தின் பெயராகவும் வழங்குகிறது. எனவே திகிரியே தகும். சிலப்பதிகார மங்கல வாழ்த்தில் 'காவிரி நாடன் திகிரிபோல்' என்று தொடங்கி 'வலந்திரிதலான்' என்று இளங்கோவடிகள் முடிப்பதைக் கருதுங்கள். திரிதல் என்னும் வினைக்கும் திகிரிக்கும் வேர் உறவு உண்டு என்பது என் துணிபு. தேரின் உருளைக்குக் 'கால்' என்றும் பெயர் உண்டு. அதுவும் இயங்குவதால் வந்த பெயரே. 'திகிரி நச்சுயிரிக் கழிச்சல்' என்று வையுங்கள்.

நாமக்கல்லிலிருந்து, கால்நடை மருத்துவர்:

முன்பாதியைப் பற்றி ஐயா அவர்களோடு வாதிட எனக்குத் தகுதி இல்லை. பின்பாதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கோழிப்பண்ணைகள் நிறைந்த எங்கள் பகுதியில் கழிச்சல் என்றாலே வெள்ளைக்கழிச்சல், அதாவது கோழிகளுக்கு வரும் ராணிக்கெட் நோய்தான் நினைவுக்கு வரும். இளங்கன்றுகளுக்கு ரோட்டா வைரஸால் கழிச்சல் வருவதும் உண்மை. ஆதலால் அந்தப் பெயரைப் பார்க்கும் பண்ணைக்காரர், கையேடு தம் குழந்தைக்கானது என்று எண்ணாமல் பட்டிக்கானது என்று ஒதுக்கிவிடக்கூடும்.

கோவையிலிருந்து, தமிழாசிரியர்:

சித்த மருத்துவ நூல்களில் கழிச்சல் மனிதருக்குரிய நோய்ப்பெயரே. ஒரு வட்டாரத்துக் கோழிநோய்க்காக நல்ல சொல்லைக் கைவிடுவது முறையன்று.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து, கிராம சுகாதாரச் செவிலியர்:

ஐயா, பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2017 முதல் குழந்தைகளுக்கு 6, 10, 14 ஆகிய வாரங்களில் இந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்து வருகிறோம். எங்கள் தாய்மார்கள் அதை 'ரோட்டா சொட்டு மருந்து' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். கையேட்டில் திகிரி என்றிருந்தால், தாம் போட்டுக்கொண்ட மருந்து இந்த நோய்க்கானதுதான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெயரின் பயனே அந்தத் தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பதுதானே?

யாரேனும் 'பேதி' என்று முன்மொழிவதற்கு முன்பே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றைச் சுத்தம் செய்ய மருந்து கொடுப்பதையும் நம் மக்கள் 'பேதிக்குக் கொடுப்பது' என்றே சொல்கிறார்கள். அதனால் கெட்டது வெளியேறட்டும் என்று காத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் வெளியேறுவது உடலின் நீரும் உப்பும். கண் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வராமல், சிறுநீர் குறைந்து குழந்தை துவண்டுவிடுகிறது. முதல் முறை நீராகப் போனவுடனே உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். கிருமிக்கொல்லி மருந்து இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. இவை அனைத்தும் பெயருக்குக் கீழே வரப்போகும் செய்திகள். பெயரிலேயே தடுக்கி விழுந்தால் அவற்றை யார் படிப்பார்கள்? 'வயிற்றாலே போகுது' என்பதே எங்கள் பக்கத்துப் பேச்சு. அதற்கு மிக நெருங்கிய எழுத்துவடிவம் வயிற்றுப்போக்குதான்.

கோவையிலிருந்து, தமிழாசிரியர்:

அம்மையார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திகிரியை விட்டுக்கொடுக்கிறேன். எனினும் ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. அரங்கன், இராமன், உரோமம் என்று உயிரை முன்னிறுத்தி எழுதும் மரபு நமக்கு உண்டு. 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை விலக்கி, என்று தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன நெறி இலத்தீனுக்கும் பொருந்தும். ஆதலின் 'உரோட்டா நச்சுயிரி' என எழுதுக. வைரஸ் என்பதில் கிரந்த எழுத்தும் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நச்சுயிரி என்பதும் சிக்கலே. உயிரணுவுக்கு வெளியே தானாகப் பெருக இயலாததை உயிரி என்று அழைக்கலாமா? கொரோனா காலத்தில் தீநுண்மி என்றோம், அதுவும் நிலைக்கவில்லை. மேலும், உரோட்டா என்று அச்சிட்டால், இணையத்தில் ரோட்டா என்று தேடுபவருக்குக் கையேடு கிடைக்காது.

பெருந்துறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலோர் செவிலியர் அம்மாவின் பக்கம் இருக்கிறார்கள். கையேட்டின் முதன்மைப் பகுதியில் 'ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு' என்றே செல்கிறது. பின்னிணைப்பில் 'ரோட்டா நச்சுயிரி' என்று ஒருமுறை குறிப்பேன். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இன்னொரு கிருமியான கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணிக்கு 'மறைவித்தி' என்று எண்ணியிருந்தேன். குளோரின் கலந்த நீரிலும் அது எளிதில் சாகாது என்பதால் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லும் பத்திக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது. வித்தி என்பதைத் தாவரம் என்று கொள்வார்களோ என்னும் தயக்கத்தால், இப்போதைக்கு 'குடல் ஒட்டுண்ணி' என்று பொதுவாக எழுதிவிடுகிறேன்.

கோவையிலிருந்து, தமிழாசிரியர்:

அச்சுக்கு நாள் நெருங்கிவிட்டதால் தடுக்கவில்லை. ஆனால் செவிலியர் பயிற்சி நூலாக இது விரிவுபெறும்போது உரோட்டாவை மீண்டும் முன்வைப்பேன். அங்கே படிப்பவர் ஈராண்டு பயில்பவர். ஒரு உகரம் அவருக்குச் சுமையாகாது. மறைவித்தியைக் கைவிடாதீர்கள். அதைப் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.